நீளம் சரிபார்த்தல்

பொரளைச் சந்திக்குப் பின்னால்
ஆய்வுகூடத்தின் நான்காம் மாடி.
இரவு ஒன்றேகால்.
கீழே வாயிலில் ஜயலத்
பதிவேட்டில் என்னை எழுதினார்: 'வைகு'.
காரணம் என்ற நிரலுக்கு நிமிர்ந்து பார்த்தார்.
ஓட்டைக்கு ஒட்டுப் போட வந்தேன் என்பதற்கு
என்னிடம் சிங்களம் போதவில்லை.
'கொம்பியூட்டர் வெட' என்றேன்.

எங்கள் சேர்வர்களுக்கு பஸ் இலக்கங்கள்தான் பெயர்.
நூற்றியொன்றில் குருதி முடிவுகள்.
நூற்றி முப்பத்தெட்டில் பற்றுச்சீட்டுகள்.
நூற்றி எழுபத்தாறு
அறுநூற்றுப் பதினொரு நாளாக அணையாமல் ஓடுகிறது.
மதியச் சாப்பாட்டில் முகாமையாளர்
அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்,
ஒருநாளும் காய்ச்சல் வராத பிள்ளையைப் போல.
நான் வாயைத் திறப்பதில்லை.
அத்தனை நாளும் அதற்கு
யாரும் மருந்து கொடுக்கவில்லை என்றுதான்
அந்த எண்ணுக்கு அர்த்தம்.

இந்தக் கிழமை வந்த குறிப்பு சின்னது.
வெளியிலிருந்து ஒரு பெயர் வரும்.
எவ்வளவு நீளம் என்று கேளாமல்
கேர்னல் அதை அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் எழுதும்.
மிஞ்சினது பக்கத்து வீட்டுக்குள் வழியும்.
பக்கத்து வீட்டில்தான்
யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியல்.
ஆறு வருசமாக இப்படி.

வாசித்ததும் சிரித்துவிட்டேன்.

இரண்டாயிரத்து எட்டு, வெள்ளவத்தை,
பொலிஸ் பதிவுப் படிவம்.
பெயருக்கு இருபத்தெட்டுக் கட்டங்கள்.
திருஞானசம்பந்தமூர்த்தி வைகுந்தநாயகி,
ஆங்கிலத்தில் நாற்பத்தொரு எழுத்து.
இடைவெளி விடாமல் எழுதியும்
பதின்மூன்று எழுத்து விலாசத்துக்குள் போய்விட்டது.
சாவடியில் நின்றவன் கேட்டான்,
'இகுந்தநாயகி, அது எந்தப் பக்கம்?'
அப்படி ஒரு தெரு இல்லை என்று
அவன் நம்புவதற்கு
பஸ்ஸும் போய், வெயிலும் சாய்ந்துவிட்டது.
பாதுகாப்பு என்ற சொல்
நெடுநாள் எனக்கு அந்தத் தார்ச்சூட்டோடு கிடந்தது.

இங்கே அதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள்.
ஆனால் பிழை
வந்த பெயரில் இல்லை,
தன் கட்டத்தைத் தானே எண்ணாதவனில் என்கிறார்கள்.
திருத்தம் இரண்டு வரி.
கூடினால் எழுதாதே.
என்னிடம் இடம் போதாது என்று திருப்பிச் சொல்.

எழுதினவர் பெயரை எப்படி உச்சரிப்பதென்று தெரியவில்லை.
தன் ஊரில் இரவு பதினொன்று நாற்பதுக்கு அனுப்பியிருக்கிறார்.
கண்டு சொன்னவர்: இன்னொரு பெயர்.
சோதித்தவர்: வெறுமை.

முப்பத்தெட்டு விழுந்து எழும்பியது.
நூற்றியொன்றை அணைக்க முன்
இரவுப் பணியில் இருந்த பஸ்மினாவுக்கு எடுத்துச் சொன்னேன்.
'ஒரு ஹீமோகுளோபின் வரவேண்டியிருக்கு, பொறுங்கோ'
என்றாள்.
பொறுத்தேன். வந்தது. அணைத்தேன். எழும்பியது.

எழுபத்தாறு எழும்பவில்லை.

மின்விசிறிகள் நின்ற பிறகுதான் தெரிந்தது
அறையில் அவ்வளவு இரைச்சல் இருந்ததென்று.
ஒரு நிமிஷம்.
பழைய டிஸ்க், தன்னைத் தானே தடவிப் பார்க்கிறதாக்கும்.
இரண்டு.
திரையில் ஒரு கோடு மட்டும் துடித்தது.
முகாமையாளருக்கு என்ன கடிதம் எழுதுவதென்று
முதல் வரி கூட யோசித்துவிட்டேன்.
நாலு நிமிஷம் இருபது செக்கன்.
பிறகு, ஒன்றும் நடவாததுபோல
பெயர் கேட்டது.

மடிக்கணினியிலிருந்து
முந்நூறு எழுத்தில் ஒரு பெயரை அனுப்பினேன்.
இடம் போதாது என்றது,
ஒரு வழிசலும் இல்லாமல், நின்ற இடத்தில் நின்றபடி.
இன்னொரு முறை அனுப்பினேன். தேவையில்லாமல்.

வெறுமையாய் இருந்த வரியில்
நாற்பத்தொரு எழுத்தையும் அடித்தேன்,
இந்தமுறை நடுவில் இடைவெளி விட்டு.

கீழே ஜயலத் தூக்கக் கலக்கத்தில்
வெளியேறும் நேரம் எழுதினார்.
புறக்கோட்டைக்குப் போகும் முதல் பஸ்
விளக்கு அணையாத கடைகளைத் தாண்டி வந்தது.
மதியம் சாப்பாட்டில் கேட்பார்.
நூற்றி எழுபத்தாறு
எத்தனை நாளாக ஓடுகிறது?

ஒன்றரை மணித்தியாலம், சேர்.